கயிற்றுக்குக் கீழே நடப்பவர்கள்

அன்பு மகனுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. உன் அம்மா சுகம், தங்கச்சி சுகம். வீட்டில் நான் ஒருவன்தான் சரியாக இல்லை. காய்ச்சல் இல்லை, சர்க்கரையும் கூடவில்லை, பதறாதே. பயம், அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணியதிலிருந்து பிடித்தது, இன்னும் விடவில்லை. பத்து நாளில் நான் ஹஜ்ஜுக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் இதை உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய், அதில் நீ கெட்டிக்காரன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். உன் ரூமில் இருக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும். மறைக்க ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் மறைத்ததுதான் தப்பாகப் போயிற்று.

நீ அன்றைக்கு என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "அத்தா, இன்னைக்கு பீச்சுல ஒரு கூத்து. காத்து திடீர்னு திரும்பிடுச்சு, கைட்டு அப்படியே மண்ணப் பாக்க எறங்கிடுச்சு. ஒரு பொம்பள புள்ளையத் தூக்கிக்கிட்டு நடுவுல வந்துட்டா. நல்லவேள, கயிறு தலைக்கு மேலயே போயிடுச்சு. நான் என்னத்தா பண்ண முடியும், காத்து திரும்பினா?" சொல்லிவிட்டுச் சிரித்தாய். பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மாவும் சிரித்தாள். "பட்டம் வுடறதுக்கா இவன துபாய்க்கு அனுப்புனோம்? சாப்ட்டானான்னு கேளுங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை. சரி தம்பி, பார்த்துக்கோ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். 

லீவில் வந்த பையனிடம் நீ கொடுத்துவிட்ட போட்டோவை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். முதல் நாள் பார்த்தபோது உன்னை மட்டுமே பார்த்தேன். இடுப்பில் பெல்ட்டு, காலுக்கடியில் பலகை, தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரம் எழும்பி நிற்கிறாய், ஆகாயத்தில் உன்னை இழுத்துக்கொண்டு நம் முன்ரூம் அகலத்துக்கு ஒரு பட்டம். தெருவில் நாலு பேரிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். இப்போது பார்க்கும்போது உன் முகத்துக்குப் போகவே இல்லை கண். உனக்குப் பின்னால் கரையில் இருப்பவர்களைத்தான் பார்த்தது. மண்ணில் வீடு கட்டுகிற இரண்டு பிள்ளைகள், பாய் விரித்துச் சாப்பிடுகிற ஒரு குடும்பம், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நிற்கிற லேபர் கேம்ப் ஆட்கள். எல்லோரும் அண்ணாந்து பட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கயிறு போட்டோவிலும் தெரியவில்லை. அங்கே நிற்கிறவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

எனக்குக் கயிறு தெரியும் தம்பி. பதினெட்டு வருஷம் வெளிநாட்டுத் துறைமுகத்தில் கிரேனுக்குக் கட்டுப் போட்டவன் நான். ஒரு பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் அது எவ்வளவு தூரம் சுற்றுமோ அவ்வளவு தூரத்துக்குக் கயிறு கட்டி ஆட்களை விலக்க வேண்டும். முன்னால் ஒருத்தன் நின்று கையைக் காட்டாமல் டிரைவர் தூக்கக் கூடாது. கையைக் காட்டுகிறவன் பெட்டியைப் பார்க்கக் கூடாது, கீழே இருக்கிற ஆட்களைத்தான் பார்க்க வேண்டும். ஃபோர்மேன் என்னைத் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தது இது. அந்தப் பயத்தில்தான் என் கட்டிலிருந்து ஒரு பெட்டிகூட யார் மேலும் விழவில்லை. அதே ஆள் லீவில் ஊருக்கு வந்தபோது என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். பாதி உனக்குத் தெரியும். நீ அங்கேதான் இருந்தாய். தெரியாத பாதிதான் முக்கியம்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆடி மாதம், வெள்ளாற்றில் பொட்டுத் தண்ணீர் கிடையாது, மேல்காற்று மணலை வாரி வீசிக்கொண்டிருந்தது. அந்தத் தடவை நான் கொண்டுவந்த சாமான்களிலேயே பெரிய அதிசயம் அந்தப் பட்டம்தான். பாராசூட் துணியில் தைத்தது, இரண்டு கயிறு, இரண்டு கைப்பிடி. கயிறு நூல் மாதிரி மெல்லிசு, ஆனால் ஓர் ஆளைத் தூக்கும். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு ஆற்றுக்குள் இறங்கினேன். வெளிநாட்டுச் சபர் முடித்து வந்தவன் புதுச் சட்டையும் சென்ட்டுமாக மணலில் நின்று பட்டம் விடுகிறான் என்றால் லப்பைக்குடிக்காட்டில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். அது என்னை மணலில் சறுக்கி இழுத்துக்கொண்டு போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். உன் அம்மா கரையில் நின்று முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். இரண்டு வருஷம் வெயிலில் காய்ந்துவிட்டு வந்தவனுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன்? உனக்குச் சொல்லவும் வேண்டாம். இப்போது உனக்கே அந்த இனிப்பு பிடிபட்டிருக்கும்.

பால்காரர் சின்னசாமி தினமும் அந்த நேரத்துக்கு மணலைக் கடந்துதான் திட்டக்குடி டீக்கடைகளுக்குப் பால் கொண்டுபோவார். தண்ணீர் இல்லாத நாளில் ஆறு எல்லோருக்கும் பாதைதானே. சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன், மணலில் மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு வருவார். பட்டம் ஒரு தடவை சுழன்று தாழ இறங்கியது. கயிறு சைக்கிள் மேல் விழுந்தது. முகத்தை மறைக்க அவர் வலது கையைத் தூக்கினார். விறைத்த கயிறு அந்த விரல்களின் மேல் ஓடிற்று. கேன் கவிழ்ந்து மணல் பாலைக் குடித்துவிட்டது. அவர் கத்தவே இல்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய், "என்ன சின்னசாமி, காத்து திரும்பிடுச்சே, நான் என்ன பண்ணுவேன், நீ ஏன்யா நடுவுல வந்த?" என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. வலிக்கிறதா என்று கேட்டது அதற்கப்புறம்தான்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். காயம் ஆறியது, உள்ளே நரம்பு அறுந்திருந்ததால் இரண்டு விரல் மடங்கவே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நான்தான் பார்த்தேன், வீட்டுக்கு அரிசி அனுப்பினேன். ஊரில் எல்லோரும் என்னைத்தான் மெச்சினார்கள், யாருக்கு இந்த மனசு வரும் என்று. அவரும் என்மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் நின்று, விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் நீ எனக்காகப் பரிந்து பேசினாய்: "எங்க அத்தா மேல தப்பில்ல, காத்து திரும்பிடுச்சு." பன்னிரண்டு வயதில் நீ மனப்பாடம் பண்ணிய அந்த வாக்கியத்தைத்தான் போன வெள்ளிக்கிழமை என்னிடமே திருப்பிச் சொன்னாய். என் வீட்டையும் என் கடிகாரத்தையும் உனக்கு விட்டுப்போக நினைத்தேன், இதை விட்டுப்போக நினைக்கவில்லை. இது மட்டும்தான் முந்திக்கொண்டு வந்து உன் கையில் சேர்ந்திருக்கிறது.

நடந்தது என்ன தெரியுமா? காற்று திரும்பவில்லை. ஆடிக் காற்று எங்கே திரும்பும்? அது காலையிலிருந்து ஒரே பக்கம்தான் அடித்தது. சின்னசாமி கரையிலிருந்து இறங்கும்போதே நான் பார்த்தேன். தோளில் பச்சைத் துண்டு, இடது பக்கக் கேனின் மூடி ஆடிக்கொண்டிருந்தது, பார்க்காதவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பட்டத்தை அப்போதே இறக்கியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. கூட்டம் இன்னொரு தடவை என்று கத்தியது. அவர் வருவதற்குள் ஒரு சுற்று சுற்றிவிடலாம், வந்தாலும் அவரே ஒதுங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். பால்காரன்தானே, நின்று போவான் என்று நினைத்தேன். இதை எழுதவே கூசுகிறது. உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

இப்போது ஹஜ் வந்தது. போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கிற நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். மூன்று நாள் தெருத்தெருவாக நடந்தேன். "ஹஜ்ஜுக்குப் போறேன். தெரிஞ்சும் தெரியாமலும் எதாச்சும் பேசியிருந்தா, செஞ்சிருந்தா மன்னிச்சுக்கங்க." அவர்களும், "நாங்களும் அப்படித்தான், எங்களுக்காக துஆ செய்யுங்க" என்பார்கள், ஒரு டம்ளர் டீ வரும், கிளம்பிவிடலாம். எத்தனை சுலபமான வாக்கியம் பார். தெரிந்து செய்ததெல்லாம் தெரியாமல் செய்ததோடு கலந்து கரைந்துவிடும். பேச்சு நிறுத்தியிருந்த சின்னாப்பா வீட்டில்கூட அதைச் சொல்லி முடித்துவிட்டேன். சின்னசாமிக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் போன் வந்தது. மறுநாள் காலையில் பெரம்பலூர் போய் பஸ் மாறி அரியலூருக்குப் போனேன்.

விரல் மடங்காதவரால் பால் கறக்க முடியாது, நான் அதை யோசித்ததே இல்லை. மாடுகளைக் கொடுத்துவிட்டு அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலைக்குச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வெடி வைப்பதற்கு முன்னால் பாதையில் சிவப்புக் கொடியோடு நின்று ஆட்களை மறிக்கிற வேலை. குவாரியை ஒட்டி ஊர்ப் பாதை போகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆடு மேய்க்கிறவர்கள் என்று எல்லோரும் அதில்தான் நடக்கிறார்கள். நான் போனபோது இடது கையில் கொடி, வாயில் விசில். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க பாய், எங்க இம்மாந்தூரம்?" என்றார். உள்ளேயிருந்து ஒரு மேஸ்திரி, "ஊது சின்னசாமி, நேரமாவுது" என்று கத்தினார். தூரத்தில் ஒரு கிழவி இரண்டு ஆட்டை இழுத்துக்கொண்டு மெல்ல நடந்துகொண்டிருந்தாள். "ஒரு ஆள் உள்ள இருக்குங்க. அது வெளிய வராம ஊத மாட்டேன்" என்றார். மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசினார். இவர் காதில் வாங்கவே இல்லை. கிழவி எங்களைத் தாண்டிப் போன பிறகும், ஆடு இரண்டும் தாண்டிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊதினார். மண் அதிர்ந்தது. அந்த அதிர்வைவிட அவர் அந்தக் கிழவிக்காகக் காத்திருந்ததுதான் என்னை உலுக்கியது.

நான் பாடத்தை ஒப்பித்தேன். ஹஜ்ஜுக்குப் போறேன் சின்னசாமி, தெரிஞ்சும் தெரியாமலும் என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அட, அந்தக் கை விசயமா? அது தெரியாம நடந்ததுதான பாய். உங்கள நான் என்னைக்காச்சும் ஒரு சொல்லு சொல்லியிருக்கனா? நல்லபடியாப் போயிட்டு வாங்க." மன்னிப்பு கைக்கு வந்துவிட்டது தம்பி. சலாம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தேன். பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன், நீ போனில் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. திரும்பி வந்தேன். "தெரியாம இல்ல சின்னசாமி. நீங்க கரையில எறங்கறப்பவே பாத்துட்டேன். ஆளுக கை தட்டுனாங்க. நீங்க ஒதுங்கிக்குவீங்கன்னு நெனச்சு எறக்காம வுட்டுட்டேன்" என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டார். கொடியைக் கீழே சாய்த்து வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நான் இத்தினி வருசமா நீங்க பாக்கலைன்னுதான் நெனச்சிருந்தேன் பாய். மாட்ட வித்த அன்னைக்கு எங்க வூட்டுல உங்கள மண்ண வாரித் தூத்துனா. நான்தான் அடக்குனேன். அந்த மனுசன் பாக்கல புள்ளன்னு" என்றார். "மன்னிச்சுக்கங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. "இப்ப எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணல. நீங்க போயிட்டு வாங்க" என்றார். நான் நகராமல் நின்றேன். அவர் கொடியை எடுத்துக்கொண்டு, "அங்க நிக்காதீங்க பாய், இந்தக் கோட்டுக்கு இந்தாண்ட வந்துடுங்க. அடுத்த வெடி இருக்கு" என்றார். கோபத்தில் இருந்தாலும் என்னை அந்த இடத்தில் நிற்க விடவில்லை. பஸ்ஸில் வரும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். கண்டக்டர் வீட்டுல யாராச்சும் மவுத்தாயிட்டாங்களா பாய் என்று கேட்டார்.

உன் தொழிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பாய். அடுத்த மாதத்திலிருந்து உன் முதலாளி, கடலில் பட்டம் விடக் கற்றுக்கொள்ளப் புதிதாக வருகிறவர்களுக்கு உன்னையே சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றாயே, அதனால்தான் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. உன் கயிறு எண்பது அடி என்றால் எண்பது அடியும் உன் பொறுப்பு, அதற்கு மேலும் கொஞ்சம். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஒரு குஞ்சுகுருமான்கூட இல்லாத இடத்தில்தான் பட்டத்தை எழுப்ப வேண்டும். கூட்டம் இருந்தால் கரையோரமாக ஒரு மைல் நடந்து போ, கால் தேய்ந்துவிடாது. தனியாக எழுப்பாதே. உனக்கு உதவிக்கு நிற்கிறவன் பட்டத்தைப் பார்க்கக் கூடாது, ஆட்களைப் பார்க்க வேண்டும். பெல்ட்டில் அவசரத்துக்கு இழுத்து விடுகிற பிடி ஒன்று இருக்கிறது என்றாயே, தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் தினமும் அதை ஒரு தடவை உன் கையால் இழுத்துப் பார். பட்டம் போனால் போகட்டும், விட்டுவிட யோசிக்காதே. இறக்கியதும் காற்று மறுபடி தூக்காதபடி அதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுருட்டு, அப்புறம் செல்போனைப் பார்க்கலாம். முதலாளியிடம் சொல்லி நாலு கழி நட்டுக் கயிறு கட்டி ஒரு போர்டு வைக்கச் சொல். எழுத்து வேண்டாம், படம் போடச் சொல். வாரத்தில் ஒரே ஒரு நாள் கடலைப் பார்க்க வருகிற ஆளுக்கு உன் விளையாட்டின் பெயரே தெரியாது. ஒதுங்க வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் ஒதுங்கவும் வேண்டாம். கடற்கரை அவனுடையதும்தான். நிறுத்த வேண்டியவன் கயிற்றைப் பிடித்திருக்கிறவன்.

இதையெல்லாம் நீ ஒருவேளை ஏற்கெனவே ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கலாம். அப்படியிருந்தால் கிழவன் உளறுகிறான் என்று சிரித்துக்கொள், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அன்றைக்கு உன் அம்மா பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாளே அந்தப் பெண், அவள் வருவதை நீ பார்த்தாயா? பதிலை எனக்கு எழுதாதே. அது எனக்குச் சொல்ல வேண்டிய பதில் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு அந்தக் கடற்கரைக்குப் போ. குடும்பமாக வருகிறவர்கள் அதே இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். அந்த வாரம் இல்லையென்றால் அடுத்த வாரம் போ. அவளைத் தேடி, அவள் வீட்டுக்காரர் இருந்தால் அவரிடமும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி சொல். காற்று என்ற சொல் உன் வாயில் வரக்கூடாது. அதைச் சொல்லி முடிக்கிறவரை பட்டத்தைத் தொடாதே. இது உன் அத்தா உன்னிடம் கேட்கிற ஒரே சத்தியம்.

எனக்கு மக்காவில் என்ன காத்திருக்கிறதோ தெரியாது. ஆயிரம் பேர் மன்னித்த மூட்டையோடு போகிறேன், ஒருவர் மன்னிக்கவில்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாக அரியலூர் பஸ் ஏறுவேன், அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். அந்தப் பெண் உன்னைத் திட்டலாம். போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். அப்போது ரூமுக்குப் போய்ப் படுத்துவிடாதே, எனக்கு போன் பண்ணு. நான் ஹஜ்ஜில் மினாக் கூடாரத்தில் இருந்தாலும் சரி, யாரிடமாவது போன் வாங்கிப் பேசுகிறேன். மன்னிப்புக் கிடைக்காமல் திரும்பி நடக்கிற அந்தப் பத்தடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நீ தனியாக நடக்க வேண்டாம்.

உன் அத்தா